பூசைக்கு அறுத்த சிவப்பு நூல்

செக்காலை ரோட்டில் ஒரு அச்சகத்தில் வெகுகாலம் வேலை பார்த்தேன். அச்சடித்து முடிந்த ஈய எழுத்துகளைக் கழுவி, கேஸ் என்கிற அறைப்பெட்டியில் அதது இடத்தில் திரும்பப் போடுவது என் வேலை. படித்தது ரெண்டாங்கிளாஸ். இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் எழுத்தின் முகம் தெரியும். இன்னைக்கும் தலைகீழாகக் காட்டினால்தான் சட்டென்று சொல்வேன்.

அங்கே என் ஏற்பாடு ஒன்று இருந்தது. இங்கிலீஷில் பள்ளிக்கூடத்துத் தலைமையும் பிரின்ஸிபல்தான், கொள்கையும் பிரின்ஸிபல்தான். கடையில் விற்கிற பேப்பர், பேனாவும் ஸ்டேஷனரி, நகராமல் நிற்பதும் ஸ்டேஷனரி. எழுதும்போதுதான் வேற வேற. எழுத்துக் கோக்கிற கம்போஸிட்டர் மாணிக்கண்ணன் இதுகளை மாற்றிக் கோத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். நான்தான் சொன்னேன்: "அண்ணே, ரெண்டையும் கோத்துக் கட்டியே வச்சிருங்க. தலைமைக்குச் சிவப்பு நூல், கொள்கைக்குப் பச்சை நூல். ஸ்டேஷனரிக்கும் இப்படியே வேற வேற நூல்." அதோடு திட்டு நின்றது.

ஒரு ஆயுத பூசைக்கு எல்லாவற்றையும் துடைத்தேன். நூலெல்லாம் மையும் மண்ணெண்ணெயும் ஏறிக் கிடந்தது. சாமிக்கு முன்னால் இப்படியா வைப்பது? அத்தனையையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புது மஞ்சள் நூல் கட்டிக் குங்குமம் வைத்தேன். "கல்யாணப் பொண்ணுக கணக்கா இருக்கே வள்ளி!" என்றார் முதலாளி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலை, ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து விழா அழைப்பிதழ். மத்தியான பஸ்ஸில் போயாகணும். மாணிக்கண்ணன் கையை நீட்டினார்.

"சிவப்பை எடு."

"மஞ்சள்தாண்ணே இருக்கு."

"ஆத்தி! எல்லாத்துக்கும் தாலி கட்டி விட்டுட்டியா?"

"நீங்க பாத்துச் சொல்லுங்களேன். எட்டாங்கிளாஸுல்ல படிச்சிருக்கீக?"

"நான் இத்தனை நாளா நூலைத்தானே தாயி பார்த்தேன்!"

முதலாளி வந்து கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "இதுதான். இல்லை, அது." கடைசியில் கோபம் என் மேல் திரும்பியது. "அழைப்பிதழ் தப்பாப் போச்சுன்னா நீ நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

ரெண்டு கட்டையும் பொரிகடலை டப்பாவில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துத் தலைமையம்மா வீட்டுக்கே போனேன். புரூஃப் கொண்டுபோய்ப் பழக்கம்தான்.

"பூசைப் பொரியா வள்ளி?" என்று கையை நீட்டினார்.

"இல்லைங்கம்மா. இதுல நீங்க எதுன்னு சொல்லுங்க."

மை தொட்டுத் தாளில் ஒத்திக் காட்டினேன். அம்மா இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். "நானா? இரு, கண்ணாடி எடுத்துட்டு வாரேன்."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலகாணித் தண்டிக்கு ஒரு டிக்‌ஷனரியை விரித்து, விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து நிமிர்ந்து நின்றார். "இதுதான் நான்."

அவர் தையல் பெட்டியிலேயே சிவப்பு நூல் வாங்கி அங்கேயே கட்டினேன். பச்சையும் வாங்கிக்கொண்டேன்.

"ஸ்டேஷனரி ரெண்டும் மஞ்சள்லதான் கிடக்குங்கம்மா" என்றேன்.

"கொண்டா, பாத்துச் சொல்றேன்." வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா முதல்நாளே சொல்லிவிட்டுட்டு வா."

அழைப்பிதழ் பஸ் ஏறியது. என் வேலையும் தப்பியது.

அச்சு வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் பாருங்கள், இல்லை பார்க்கிறவரிடம் போய்க் கேளுங்கள். அடையாளத்துக்குக் கட்டிய நூலைப் பூசைக்குக்கூட அறுக்காதீக. அடுத்த வருசம் அந்த அழுக்கு நூலுக்கு மேலேயே குங்குமம் வைத்தேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.