எட்டு மரத்துப் பூவும் மூன்று கொட்டேஷனும்

1. காடு கிடைக்காத கதை

கிரைம் சீரீஸ் எடுப்பதில் மலிவான சமாசாரம் கொலைதான். கத்தி ரப்பர். ரத்தத்தை மேக்கப்காரர் ஒரு வாளியில் கலக்கிவிடுவார். பிணமாகக் கிடக்க வருகிறவருக்கு ஒரு நாள் சம்பளமும் மதியச் சாப்பாடும் போதும். அந்தக் கொலை எந்த இடத்தில் நடக்கிறது என்று டைரக்டர் முடிவு செய்யும்போதுதான் எங்களுக்குச் செலவே ஆரம்பிக்கும்.

நான் லைன் புரொடியூசர். கம்பெனி கொடுக்கிற பட்ஜெட்டுக்குள் இடம், வண்டி, சாப்பாடு, அனுமதி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிற வேலை. சொந்த ஊர் ராஜபாளையம். சினிமா, சீரியல் என்று சென்னையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டேன். ஒரு ஓடிடி கம்பெனி எட்டு எபிசோட் சீரீஸை எங்கள் ஊர்ப் பக்கம் எடுக்கப்போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டது. "உங்க ஊர்தானே பியூலா மேடம், செலவு பாதியாயிடும்ல?" என்றார் எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர் ஹரி. சொந்த ஊர் என்றால் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் சும்மா தூக்கிக் கொடுப்பார்கள் என்று சென்னையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

டைரக்டர் நவீனுக்கு இதுதான் முதல் சீரீஸ். முதல் எபிசோடில் காட்டுக்குள் ஒரு கொலை. செண்பகத்தோப்பைப் போனில் பார்த்துவிட்டு அங்கேதான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அது பாதுகாக்கப்பட்ட காடு, லைட்டும் ஜெனரேட்டரும் கொண்டு உள்ளே போக விடமாட்டார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "உங்க ஊர்தானேக்கா, பேசிப் பாருங்க" என்றார். இரண்டு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அலைந்தேன். வனத்துறை அலுவலகத்தில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, "யம்மா, நெசமாவே கொலை பண்ண வாறவன்னாலும் அனுமதிச் சீட்டு இல்லாம உள்ள விட மாட்டோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

கடைசியில் அய்யனார் கோவில் போகிற வழியில் ஒரு மாந்தோப்பைப் பிடித்தேன். பின்னால் மலை தெரியும். தோப்புக்காரர் சஞ்சீவி அய்யா ராஜபாளையம் டவுனுக்குள் குடியிருப்பவர். வீட்டுக்குள் பார்த்துத் தெலுங்கில் காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு, என் பேப்பரை வாங்கிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"வேற யாரையும் ஒரு வார்த்தை கேக்கணுமா அய்யா?" என்றேன்.

"என் தோப்புக்கு வேற யாரைம்மா கேக்கணும்?"

அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

2. டைரக்டர் பூவைப் பார்த்தார்

மாந்தோப்பில் மரங்கள் வரிசையாக நிற்கும். காட்டில் அப்படி நிற்காது. ஆர்ட் டைரக்டர் ஒரு லோடு செடிகொடிகளைக் கொண்டுவந்து வரிசை தெரியாமல் மறைத்தார். இதற்குத்தான் எங்கள் பட்ஜெட்டில் 'கிரீன்ஸ்' என்று ஒரு தலைப்பு உண்டு. செடி, புல், வாழைக்கன்று எல்லாம் அதில்தான் போடுவோம்.

அது மா பூக்கிற பருவம். தோப்பு முழுக்கப் பூ. ஒரு காற்று அடித்து நாலு பூ உதிர்ந்ததை நவீன் பார்த்துவிட்டார்.

"அக்கா, இதுல மழை பெஞ்சா எப்படி இருக்கும்? ஸ்லோ மோஷன்ல பாடி மேல பூவா கொட்டுது. சீரீஸோட போஸ்டரே அதுதான்க்கா."

"ஸ்கிரிப்ட்ல மழை இல்லையே நவீன்."

"இப்ப இருக்கு."

மழை என்றால் ரெயின் யூனிட், கிரேன், தண்ணி லாரி, கூடுதல் ஜெனரேட்டர், அத்தனை ஆட்களுக்கும் பேட்டா. முடியாது என்றேன். நவீன் ஹரிக்கு வீடியோ காலில் பூவைக் காட்டினார். ஹரி 'வாவ்' என்றார், மழைக்கு அப்ரூவல் ஆகிவிட்டது. முந்தின வாரம்தான் டீச் செலவு ஏன் கூடியது என்று என்னிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டவர் இந்த மனிதர்.

சஞ்சீவி அய்யாவுக்குப் போன் போட்டு, மரத்து மேலே தண்ணீர் அடிப்போம் என்று சொன்னேன். "மரத்துக்குத் தண்ணி நல்லதுதானம்மா" என்றார். குடிதண்ணீரை வீணாக்கினால் ஊர் சும்மா விடாது என்பதால் உப்புக் கரிக்கிற போர்த் தண்ணீரை லாரியில் வரவழைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

3. வால்வைத் திருகியவள்

எங்கள் பக்கம் சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும். ஆனால் வெளிச்சம் செத்த நேரம் நிற்கும். அந்த நேரத்தில்தான் மழை. முதல் டேக் நன்றாக வந்தது. நவீனுக்குப் போதவில்லை. இரண்டாவது டேக்கில் ஹீரோ வழுக்கி விழுந்தார். மூன்றாவது டேக் பாதியில் மழை பொசுக்கென்று நின்றது.

திரும்பிப் பார்த்தால், தண்ணி லாரிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நனைந்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட் வால்வைத் திருகி மூடியிருந்தாள். கையை அதிலிருந்து எடுக்கவும் இல்லை.

அசிஸ்டென்ட் டைரக்டர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கூட்டத்தில் வயதானவள் நான்தான் என்பதால் என்னிடம் வந்தாள்.

"யாரைக் கேட்டு என் பூவுல தண்ணி அடிக்கிறீய?"

"ஓனர் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா."

"அவரு மண்ணுக்குப் போட்டிருப்பாரு. பூவுக்கு யாரு போட்டது?"

அவள் பெயர் குருவம்மாள். அவளும் அவள் வீட்டுக்காரரும்தான் அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள். குத்தகைக்கு விட்டுவிட்டால் நிலம் முதலாளியுடையது, பூவிலிருந்து காய் பறிக்கிறவரை மரத்தில் இருப்பதெல்லாம் குத்தகைக்காரருடையது. வருஷா வருஷம் முன்பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அவள் நகையை பாங்கில் வைத்துக் கட்டியிருந்தாள். பூச்சி விழாமல் இரண்டு தடவை மருந்தும் அடித்தாகிவிட்டது. ஷூட்டிங் நடக்கும் என்று மட்டும் சஞ்சீவி அய்யா சொல்லியிருந்தார். நாலு பேர் நடப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அவள் ஒரு கிளையை வளைத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். "பாருங்க, வெறும் ஈர்க்குதான் நிக்குது. மிச்சம் இருக்கறதும் ஒரு வாரத்துல கருகிப் போவும். தண்ணி வேற உப்பா கரிக்குது."

மழை விழுந்த எட்டு மரத்தின் அடியிலும் தரை வெளிர் மஞ்சளாகக் கிடந்தது. மானிட்டரில் பார்த்தபோது அது அழகாகத்தான் இருந்தது. அதை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது. நான் இந்த ஊரில் பிறந்தவள்தான், ஆனால் மில் தொழிலாளி மகள். எனக்கு மாங்காய் கூடையில்தான் பழக்கம்.

நவீன் ஓடி வந்தார். "அம்மா ப்ளீஸ், ஒரே ஒரு டேக். லைட் போகுது."

குருவம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே தம்பி, ஒன் படத்துல செத்தவன் டேக் முடிஞ்சா எந்திரிச்சு டீ குடிப்பான். என் பூ எந்திரிக்குமாலே?"

பிணமாகக் கிடந்தவர் நிஜமாகவே அப்போது எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாவம், டம்ளரைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நான் பேக்கப் சொன்னேன். மறுநாளும் மழை சீன் இருந்தது, அதையும் ரத்து செய்தேன். "அந்த மழைதான்க்கா சீரீஸோட உயிரே" என்று நவீன் அழாத குறை. எடுத்தது போதும் என்று சொல்லிவிட்டேன்.

4. மாம்பூ விற்கிற கடை

ஹரிக்குப் போன் செய்தேன்.

"ஓனர் கையெழுத்துப் போட்ட என்ஓசி இருக்குல்ல மேடம்? அப்ப அந்த லேடி போய் ஓனரைத்தான் கேக்கணும்."

சஞ்சீவி அய்யாவைக் கேட்டால், "தண்ணி அடிப்போம்னுதானம்மா சொன்ன, மழைன்னா சொன்ன?" என்றார். நியாயம்தான் போங்கள். இந்த இருவருக்கும் நடுவில் நான் தலையை எங்கே கொண்டுபோய் முட்டுவது?

மறுபடியும் ஹரி. நஷ்டஈடு கொடுக்க பட்ஜெட்டில் தலைப்பு இல்லையாம். ஹீரோவின் இரண்டாவது கேரவனுக்குத் தலைப்பு இருக்கிறது. மும்பை ஆபீசுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பெட்டி பெட்டியாக கூரியர் அனுப்பினோமே, அதற்கும் 'கிளையண்ட் ரிலேஷன்ஸ்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. பூவுக்கு மட்டும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த ஷூட்டிங் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் தெருவில், அனுமதி என் பெயரில் இருந்தது. நஷ்டஈட்டுக்கு மெயில் வராமல் வண்டி நகராது என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

ஒரு வழியாக மெயில் வந்தது. கிரீன்ஸ் தலைப்பில் போடலாம், ஆனால் புரொசீஜர்படி மூன்று கொட்டேஷன் வேண்டும்.

"மாம்பூ எந்தக் கடையில விக்கிறாங்க ஹரி?"

"லோக்கல் மார்க்கெட்ல விசாரிங்க மேடம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கொடுமை.

பக்கத்துத் தோப்புக் குத்தகைக்காரர்கள் மூன்று பேரைக் கூட்டிவந்தேன். முதலாமவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தார், பிறகு வாய்க்கு வந்த ஒரு தொகையை எழுதினார். இரண்டாமவர், "பூவுக்கு ஏதுங்க வெல? எம்புட்டு காய் நிக்கும்னு பொறவுதான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சின்னத் தொகையைப் போட்டார். மூன்றாமவர் எட்டு மரத்தையும் சுற்றிவந்து, குருவம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தொகையை எழுதினார். அவர் எழுதியதுதான் இருப்பதில் அதிகம். கம்பெனி வழக்கப்படி இருப்பதில் குறைந்ததை எடுத்துக்கொண்டது. அதிலும் பாதி இப்போது, பாதி அறுவடையில் நஷ்டம் உறுதியான பிறகு.

அறுவடையில் அந்த எட்டு மரத்திலும் ஒரு கூடைகூடத் தேறவில்லை. மற்ற மரத்துக் காய்க் காசு குருவம்மாளின் நகைக் கடனுக்கே சரியாகப் போய்விட்டது. போட்டோ அனுப்பினேன். சேதத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ எங்கே என்று கேட்டார்கள். பூத்திருந்ததற்கு நவீனின் வீடியோ காலே சாட்சி என்று எழுதினேன். பிறகு பான் கார்டு கேட்டார்கள். மெயிலுக்கு மேல் மெயில். மீதிப் பணம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது சீசன் முடிந்து, அடுத்த வருஷக் குத்தகைக்கு முன்பணம் கட்டும் தேதியும் தாண்டிவிட்டது. சஞ்சீவி அய்யா தோப்பை வேறொருவருக்கு விட்டுவிட்டார். இரண்டு மாதம் பொறுங்கள் என்று நான் அவரிடம் நேரில் போய்க் கெஞ்சியும் பார்த்தேன். "யாவாரம்னு ஒண்ணு இருக்குல்லம்மா" என்று முடித்துவிட்டார்.

குருவம்மாள் இப்போது நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறாள்.

5. மழை எங்கே

சீரீஸ் வெளிவந்த வாரம் குருவம்மாள் போன் செய்தாள்.

"யக்கா, எங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து எட்டு பாகத்தையும் பாத்துட்டோம். அந்த மழை எதுல வருது?"

முதல் பாகத்தில்தான் இருக்கும், சரியாகப் பார் என்றேன். பிறகு நானே போட்டுப் பார்த்தேன். இல்லை. நவீனைக் கூப்பிட்டேன்.

"அது எடிட்ல போயிடுச்சுக்கா. அந்த இடத்துல கதை ரொம்ப இழுத்துச்சு."

"கொலை?"

"அதை டயலாக்ல சொல்லிட்டோம்."

உண்மைதான். முதல் பாகத்தில் ஒரு கான்ஸ்டபிள் போனை எடுத்து, "சார், காட்டுக்குள்ள ஒரு பாடி கெடக்கு" என்கிறார். அவ்வளவுதான் காட்சி.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். ஓனர் கையெழுத்து கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். இந்த மாசம் இந்த இடத்தை நம்பி அடுப்பெரிவது யார் வீட்டில் என்று விசாரித்து, அந்த வீட்டுக்கு நீங்களே போய்க் கேளுங்கள். அடுத்தது, டைரக்டர் திடீரென்று மழை கேட்டால், முதலில் அதை ஒரு வரி வசனமாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத முடிந்தால் லாரிக்குப் போன் போடாதீர்கள்.

குருவம்மாளிடம் மறைக்க மனம் வரவில்லை. மழையை வெட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். பின்னால் யாரோ டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"அப்ப வாயாலயே சொல்லி முடிச்சிட்டாவளா?"

"ஆமா குருவம்மா."

"அதை அன்னைக்கே செஞ்சிருந்தா தோப்பு எங்கிட்ட நின்னுருக்கும்லா யக்கா" என்றாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள்.