மெழுகு குடிக்காத குச்சி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கேஸ் பாய்லரோ வெந்நீர் ஹீட்டரோ பற்றாமல் மல்லுக்கட்டினால் கோவில்பட்டி வட்டாரத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். போன இடத்தில் பழுதைப் பார்ப்பதோடு நிற்க மாட்டேன். அந்த மெஷினை ஓட்டுகிறவரை நாலு வார்த்தை நக்கல் அடித்துவிட்டுத்தான் வருவேன். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. அந்தப் பழக்கத்தைப் போன கோடையில் விட்டேன்.

ஓட்டப்பிடாரம் போகிற சாலையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது; தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். குச்சிக்கு மருந்து வைக்கும் முன் அதன் நுனியை உருகிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். அந்த மெழுகுத் தொட்டியைச் சூடாக வைக்க நீராவி வேண்டும், அதற்காக ஒரு சின்ன கேஸ் பாய்லர். அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். விறகு போட்டு எரித்த காலத்திலிருந்து இருபத்தெட்டு வருடமாக அதே ஆபீஸ்தான்.

முதல் தடவை நான் போனபோது முந்தின இரவு ஒரு கோடை மழை அடித்து ஓய்ந்திருந்தது. செருப்பில் கிலோக் கணக்கில் கரிசல் மண் ஒட்டிக்கொண்டு வந்தது. வாசலில் அதைச் சுரண்டிவிட்டு உள்ளே போனேன்.

"பத்துது தம்பி. அஞ்சு எண்ணுததுக்குள்ள அணைஞ்சிருது. செவப்பு லைட் வந்துருது" என்றார்.

நான் பட்டனை அமுக்கினேன். காற்றாடி ஓடியது, பொறி விழுந்தது, தீ பிடித்தது. அஞ்சு எண்ணினேன், ஐம்பது எண்ணினேன், நின்று எரிந்தது. இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. டீ குடிக்க வந்த, பெட்டிக்குள் குச்சி அடைக்கிற பெண்கள் வாசலில் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அது போதாதா?

"என்ன அண்ணாச்சி, தீப்பெட்டி ஆபீஸ்ல இத்தன வருசம் இருந்துட்டு ஒரு தீயப் பத்தவைக்கத் தெரியலையே!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. போகிறபோது முதலாளியிடமும் சொன்னேன்: "மெஷின்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஆபரேட்டர் மிஸ்டேக்."

ஒன்பதாம் நாள் முதலாளியின் போன் வந்தது. "நேத்துல இருந்து பாய்லர்ல தீ நிக்கவே மாட்டேங்குது. ஆபரேட்டர் மிஸ்டேக்னு நீங்கதானே சொன்னிய? இன்னைக்கு வந்து கூட நின்னு பாருங்க. மெஷின்ல கோளாறு இல்லன்னா நாளைக்கு வேற ஆளைப் போட்டுக்கிடுதேன்."

போனபோது மணி பத்து. வெயில் அதற்குள் ஏறியிருந்தது. அவர் பாய்லர் அறையில் நின்றுகொண்டிருந்தார். முதலாளி சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது. பட்டனை நானே அமுக்கினேன். தீ பிடித்தது. நாலு எண்ணுவதற்குள் அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

இந்தப் பாய்லர்களில் தீக்குள் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து தீ வழியாகத் துளி மின்சாரம் ஓடி, பாய்லர் உடம்பு வழியாகத் திரும்பினால்தான் தீ இருப்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி நம்பும். நம்பாவிட்டால் எவ்வளவு நன்றாக எரிந்தாலும் கேஸை அடைத்துவிடும். எனவே கம்பியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், அணைந்தது. புதுக் கம்பி போட்டேன், அணைந்தது. வயரை மாற்றினேன். கேஸ் குழாயில் ஒரு கைவால்வை மாட்டித் திறந்து மூடி அழுத்தத்தைப் பார்த்தேன். கடைசியில் பையில் இருந்த புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையே எடுத்து மாட்டினேன். அதுவும் அஞ்சாவது விநாடியில் சிவப்பைக் காட்டியது.

"தம்பி, எங் கைதான் கோளாறா?" என்று கேட்டார்.

நான் ஸ்பேனரைப் பைக்குள் விட்டெறிந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, எனக்குத் தெரியவில்லையே என்கிற கோபம். ஆனால் அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையை இறக்கியபோது மணிக்கட்டு பாய்லரில் பட்டது. சுரீர் என்றது. டெஸ்டரைப் பாய்லர் உடம்பில் வைத்தேன், பல்பு மினுக்கென்று எரிந்தது. எங்கோ கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்காமல் பாய்லர் மேலேயே நிற்கிறது. தீக்கம்பியின் துளி மின்சாரம் அந்தக் கலவரத்தில் எப்படித் தெரியும்?

"எர்த்தப் பாத்துட்டு வாரேன். எதையும் தொடாதீங்க" என்று சள்ளென்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

கசிகிற கரண்டை ஈர மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் குழி பின்பக்கச் சுவரோரம் இருந்தது. கரிசல் காய்ந்து என் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. குழிக்குள் இறங்கும் குழாயைப் பிடித்து ஆட்டினேன், ஆடுகிற பல் மாதிரி ஆடியது. சுற்றிலும் மண் விலகிப்போய் குழாய் வெறும் காற்றில் நின்றுகொண்டிருந்தது. தூக்குச்சட்டியோடு ஒரு அக்கா அந்தப் பக்கம் வந்தார்.

"இங்கன யாரும் தண்ணி ஊத்துததில்லையா?"

"முன்னெல்லாம் நாங்க எல்லாரும் இங்கனதான் சட்டி கழுவுவோம். சகதியாக் கெடக்குன்னு முதலாளி அங்கன புதுசாத் தொட்டி கட்டி விட்டுட்டாவ. ஒரு மாசம் இருக்கும்."

நாற்பது பேர் சட்டி கழுவிய தண்ணீர் இத்தனை வருடம் அந்தக் குழியைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நான் முதலில் வந்த நாளில் மழை காப்பாற்றியிருக்கிறது. என் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணே அதைச் சொன்னது, நான் சுரண்டிப் போட்டுவிட்டு உள்ளே போய் நக்கல் அடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. "ரெண்டு கொடம் தண்ணி கொண்டாங்கக்கா" என்று வாயெடுத்தேன்.

அப்போது கேஸ் நெடி அடித்தது.

பாய்லர் அறையின் காற்றுத் துவாரம் குழிக்கு நேர் மேலே இருந்தது. நெடி அதிலிருந்துதான் வந்தது. சோதனைக்கென்று நான் மாட்டிய கைவால்வு கேஸ் குழாயிலேயே இருந்தது. அதைத் திறந்தால் பெட்டியின் அனுமதி இல்லாமலே அடுப்புக்குள் கேஸ் போகும். உள்ளே இருந்தது அவர் ஒருவர்தான், நான் அதைத் திறந்து மூடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

சிலிண்டர் கொட்டகை பத்தடியில் இருந்தது. ஓடிப்போய் மெயின் வால்வை மூடினேன், கை வழுக்கியது. "அண்ணாச்சி, கொளுத்தாதீங்க! கொளுத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே சுற்றி ஓடினேன். ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லக்கூட மூச்சு இல்லை.

அவர் பாய்லருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தீயை எட்டிப் பார்க்கிற சின்னக் கதவு திறந்திருந்தது. இடது கையில் தீப்பெட்டி, வலது கையில் குச்சி. காலடியில் நுனி மட்டும் கருகிய இரண்டு குச்சிகள் கிடந்தன. நான் அவர் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன். சுவிட்ச் எதையும் தொடாமல் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவை விரியத் திறந்துவைத்தேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபிறகுதான் அவர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தேன். அன்று காலை கழித்துப் போட்ட குச்சிகள். பாய்லர் நின்றதால் மெழுகு உறைந்துபோய், குச்சி மெழுகு குடிக்கவில்லை. அப்படிப்பட்ட குச்சி மருந்து எரிந்த கையோடு அணைந்துவிடும், மரத்தைப் பற்றாது. இரண்டும் அடுப்பு வாய்க்குப் போகும் முன்பே அணைந்திருக்கின்றன. நல்ல குச்சி ஒன்று அவர் கையில் இருந்திருந்தால் அந்தச் சுவரே நின்றிருக்காது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கத்தினேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்தக் காம்பவுண்டுக்குள்ள இத்தன வருசத்துல நான் ஒரு குச்சி ஒரசினதில்ல தம்பி. பத்தவைக்கத் தெரியலன்னு நீங்க சொன்னதுல இருந்து பொம்பளப் பிள்ளைக என்னப் பாத்தாலே சிரிக்குதுவ. வேலை போனாலும் போகட்டும். ஒரு தடவ எங் கையால எரியவிட்டுட்டுப் போயிருவோம்னு இருந்தேன்."

அரை மணி நேரம் அறை காற்றாடியது. குழிக்குக் குடம் குடமாக ஊற்றினோம். எட்டாவது குடத்தில்தான் தண்ணீர் மேலே தேங்கி நின்றது. பாய்லரில் டெஸ்டரை வைத்தால் பல்பு இப்போது எரியவில்லை. மெயின் வால்வைத் திறக்கும் முன் அந்தக் கைவால்வைக் கழற்றிக் குழாய் வாயை அடைத்தேன். பிறகு பட்டனை அவரையே அமுக்கச் சொன்னேன். தீ பிடித்தது. இருவரும் வாய்விட்டு எண்ணினோம். நூறு தாண்டியும் எரிந்தது.

முதலாளியிடம் போய் எர்த் குழியைப் பற்றிச் சொன்னேன், ஆபரேட்டர் கையில் தப்பே இல்லை என்றும் சொன்னேன். "சரி, அப்ப அவரே இருக்கட்டும்" என்று முதலாளி சாதாரணமாக முடித்துக்கொண்டார். குச்சி உரசிய கதையை நான் வாயே திறக்கவில்லை. என் வால்வு, என் பேச்சு, அவரை எப்படிக் காட்டிக்கொடுப்பேன்?

பாய்லர் அறைக்குத் திரும்பி வந்து பையை எடுக்கிறபோது அவர் காதருகே குனிந்து, "தப்பு எம் மேலதான் அண்ணாச்சி. மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றேன்.

அவர் அழுத்தமானியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு எல்லாருக்கும் கேக்குத மாதிரிச் சொன்னீங்கல்லா தம்பி. இதையும் அப்படியே சொல்லிட்டுப் போங்க."

பெண்கள் பெட்டி அடைக்கிற கொட்டகைக்குப் போனேன். நாற்பது பேரும் கை வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? அன்று அந்த வாயிலிருந்து முதல் வார்த்தை வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.