லியாங்கின் சட்டைப் பையில் போன லட்டு

லியாங் இறந்துவிட்டார்.

இன்று காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது ரூபனின் ஃபோன். எங்களோடு வேலை செய்யும் தம்பி. "அண்ணை, லியாங் செத்துப்போனாராம். நேற்று வீட்டு வாசலில பனி அள்ளிக்கொண்டு நிக்கேக்க விழுந்தவராம். ஹார்ட்."

"வேற ஆராவது லியாங்கா இருக்கும்" என்றேன். எங்கள் கம்பனியில் ஒரே ஒரு லியாங்தான். அது எனக்குத் தெரியும்...

வெள்ளிக்கிழமை பார்க்கிங்கில் நின்று எனக்குப் புத்தி சொன்னவர். "பெரிய ஸ்நோ வருதாம். மெல்ல மெல்ல அள்ளுங்கோ, எங்களுக்கு வயசு போகுது." அவரே சொன்னார். அவரே போய்விட்டார். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் விமான எஞ்சின் பாகங்கள் செய்யும் கம்பனி எங்களுடையது. நானும் அவரும் ஒரே மாதம் சேர்ந்தவர்கள். எஞ்சினுக்குள் சுழலும் பிளேடுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பிளேடைச் சாயத்தில் தோய்த்துக் கழுவி, இருட்டறையில் ஊதா லைட்டின் கீழ் பிடித்தால், மயிரளவு வெடிப்பும் பச்சையாகத் தெரியும்.

கதவைச் சாத்தியவுடன் பார்க்கத் தொடங்கக்கூடாது. கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும், அது ரூல். எனக்குச் சும்மா நிற்க வராது. அதனால் கதைப்போம்.

அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷும் கொஞ்சம் பிரெஞ்சும். அதை என் தமிழில் எழுதுகிறேன்.

இளவயதில் சீனாவில் போர் விமான எஞ்சின் தொழிற்சாலையில் இருந்தவர். ரஷ்ய எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு துண்டாக அளந்து, அதேபோல் செய்து பார்ப்பார்களாம்.

"அளவு சரி. வடிவம் சரி. ஓட விட்டா, சூட்டில பிளேட் வெடிக்கும். பேந்தும் செய்வம், பேந்தும் வெடிக்கும். விமானம் எங்கட, எஞ்சின் ரஷ்யாக்காரன்ர... அந்த வெட்கம் உங்களுக்கு விளங்காது."

பதினொரு வருடம் அதே வேலை. ஒரு பிளேடும் பாஸாகவில்லை. பிறகு விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்.

நான் விடுவேனா? "உங்கட ஆக்கள் ஃபோன், டீவி எல்லாம் செய்வினம், எஞ்சின் செய்யமாட்டினம்" என்று சீண்டுவேன். இருட்டுக்குள் சிரிப்பார். "செய்வினம். இருந்து பாருங்கோ."

பிறகு ஒருநாள் செய்தி வந்தது. சீனாவின் புதிய போர் விமானங்கள் இப்போது ரஷ்ய எஞ்சின் இல்லாமல் சொந்த எஞ்சினிலேயே பறக்கின்றன என்று. வாசித்ததும் எனக்கு அவர் முகம்தான் வந்தது.

எங்கள் வீடுகளில் நல்ல செய்தி என்றால் வெறுங்கையோடு போய்ச் சொல்லமாட்டோம். வில்லரே பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் ஒரு பெட்டி லட்டு வாங்கினேன். மத்தியானம், நிரம்பி வழிந்த சாப்பாட்டு அறையில், பெட்டியைத் திறந்து நீட்டி, என் பெரிய தொண்டையில் சொன்னேன்: "லியாங், கொங்கிராட்ஸ்! உங்கட ஃபைட்டர் எஞ்சின் பறந்திட்டுது!"

அறையே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசையில் இரண்டு மானேஜர்கள்.

அவர் ஒரு லட்டை எடுத்தார். டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "இஞ்ச வேண்டாம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். எனக்கோ, மனுசன் என்ன இப்படி என்று கோபம்!

இரண்டு கிழமையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து அவரை ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கதைத்தார்கள். அடுத்த திங்கள் இருட்டறைக் கதவில் அவருடைய கார்டு வேலை செய்யவில்லை. சிவப்பு லைட். திருப்பி வைத்தார், திரும்பவும் சிவப்பு. பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "கார்ட் பழசாப் போச்சு" என்று சிரித்தார்.

அன்றே பாக்கிங் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். மரப்பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற வேலை. காரணம் ஒருவரும் சொல்லவில்லை. அவர் சீனாவின் போர் விமான எஞ்சினோடு சம்பந்தப்பட்டவர் என்று அறைக்கே கேட்கும்படி சொன்னவன் நான்தான்.

"அது உங்களால இல்லை அண்ணை. வேற சீன ஆக்களையும் மாத்தினவங்கள் தானே" என்று ரூபன் எத்தனையோ தரம் சொல்லிவிட்டான். இருக்கலாம். ஆனால் மற்றவர்களுக்கு ஒருவரும் லட்டு நீட்டவில்லை.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. தினமும் 'போன்ஜூர்' சொன்னேன். ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு, அடுத்த கிழமை, கிறிஸ்மஸுக்கு என்று... வெட்கமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இன்று வேலை முடிந்ததும் புரோசார்டில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பாதி அள்ளிய பனி அப்படியே கிடக்கிறது. பனி அள்ளும் சவலை யாரோ சுவரில் சாத்தி வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டதும் காரை விட்டு இறங்க மனம் வரவில்லை. பிறகு இறங்கிப் போய் மணியை அடித்தேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். பெயரைச் சொன்னேன்.

"மஞ்சள் உருண்டை இனிப்பு... அது நீங்கள்தானே?"

நான் தலையைக் குனிந்தேன்.

"அண்டைக்குக் கார் பார்க்கிங்கிலயே இருந்து பாதி சாப்பிட்டவர். பாதியை எனக்குக் கொண்டுவந்தவர், டிஷ்யூ எல்லாம் ஒட்டிப்போய். தந்திட்டு அழுதவர். 'எங்கட எஞ்சின் பறந்ததுக்கு இந்த நாட்டில என்னை வாழ்த்தினது ஒரே ஒராள்' எண்டு சொன்னவர்."

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவேண்டும். வரவில்லை.

மாற்றினதுக்குப் பிறகு என்ன சொன்னார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

நாளைக் காலை திரும்பவும் அந்த இருட்டறைக்குள் போக வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும்வரை அந்த ஒரு நிமிடம் தனியாகச் சும்மா நிற்க வேண்டும்.

மன்னியுங்கோ, லியாங்.