தாழம்பூ ஊதுபத்தி

அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் ஊதுபத்தி என்றால் தாழம்பூதான். வேறு வாசனை வாங்கி வந்தால், "மாட்டுக்கொட்டாய்க்கு ஆவும்" என்று ஒதுக்கிவிடுவாள். பத்தியில் பிடித்த தீயை வாயால் ஊதவும் விடமாட்டாள், கையால்தான் விசிற வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே தாழம்பூ மணக்கும். அன்று வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வரும். எவ்வளவு நல்ல வெள்ளிக்கிழமைகள் அவை!

அம்மா இறந்த அன்று அவசரத்துக்குச் சாமி அலமாரியில் இருந்த அதே பத்தியை எடுத்தோம். எங்கள் பக்கம் வாழைப்பழத்தில் செருகித் தலைமாட்டில் வைப்பார்கள், உடலை எடுக்கும்வரை அணையக் கூடாது. வீடு முழுக்கத் தாழம்பூ.

காரியம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அந்தப் பத்திக் கட்டைக் கையில் எடுத்ததும், கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்ததுதான் கண்முன் வந்தது. எனக்கே இப்படியென்றால் அப்பாவுக்கு எப்படி இருக்கும்? கட்டோடு வெளியே வீசிவிட்டேன்.

அப்பாவோ அதன்பிறகு விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு தங்குவதில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். அவரை அந்த நேரத்தில் வீட்டில் உட்கார வைத்தே தீருவது என்று எனக்குப் பிடிவாதம். நல்ல வாசனை அமைந்தால் உட்காருவார் என்று நம்பினேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக் கடையில் பெட்டி பெட்டியாக முகர்ந்தேன். மல்லிகை தலைவலி. லாவண்டர் என்று ஒன்று, யாரோ பாத்ரூம் கழுவியது மாதிரி இருந்தது. சந்தனம் வாங்கினேன், ரோஜா வாங்கினேன். எதை ஏற்றினாலும் அப்பா நல்லாத்தான் இருக்குது என்பார், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

ஒருநாள் பொறுமை போய், வாசலை மறித்து நின்றேன். எந்த வாசனைதான் பிடிக்கும், சொல்லித் தொலையுங்கள் என்று கத்தினேன். அப்பா என்னைத் திருப்பிக் கேட்டார்.

"தாழம்பூவ ஏன் நிறுத்துன?"

அம்மா போன நாள் ஞாபகம் வரும் என்றுதான், என்றேன்.

"அவ போனது ஒரு நாளு சாமி. இந்த வூட்ல இருந்தது எத்தன வருசம்? எல்லாத்தையும் சேத்து வீசிப்புட்டியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே கடைக்குப் போய் அப்பாவே ஒரு கட்டு வாங்கி வந்தார்.

எனக்கு இன்னமும் அது அந்த ஒரு நாளின் வாசனைதான். அப்பாவிடம் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஏற்றுகிறேன். அவர் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்.