புரட்டிவிட்ட தாள்கள்

அக்கா போய் ஓராண்டு. இந்நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினரும் நண்பரும் அவரின் குலையாத விசுவாசத்தைப் பற்றி வாசிக்க எதிர்பார்ப்பீர்கள். அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். வெட்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. "என்னைப் புகழாதை தம்பி, நடந்ததை எழுது" என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

அச்சுவேலியில் பிறந்து உரும்பிராயில் வாழ்க்கைப்பட்டவர் அக்கா. எங்களைப் பெற்ற ஐயா வைத்த ஒழுங்கு ஒன்றே: விடியலில் வேதாகமத்தில் ஓர் அதிகாரம், உரத்த குரலில், வரிசை தப்பாமல். கசந்தாலும் தாண்டக்கூடாது. அத்தான் மலாயாவில் இருக்க ஜப்பான் யுத்தம் வந்தது, கடிதங்கள் நின்றன. பங்கீட்டுக் கூப்பன் அரிசியும் மரவள்ளியுமாக ஓடிய அந்நாள்களில் அந்த ஓர் அதிகாரத்தைக் கொண்டே அக்கா எழுந்து நின்றார்.

வேலிக்கு அப்பால், நாங்கள் மாமி என்று அழைத்துப் பழகிய சைவத் தோட்டக்காரக் குடும்பத்து அம்மா. அவரின் ஒரே மகன் இராசுவும் மலாயாவில். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவர் அல்லவா, அக்காவின் வாசிப்பையும் குறியாகவே எடுத்துக்கொண்டார்.

"பிள்ளை, இண்டைக்கு உன்ரை வேதம் என்ன சொல்லுது? என்ரை பெடியன் வருவானோ?"

புகையிலைக்குத் தண்ணீர் கட்டியபடி அவர் கணவர் சிரிப்பார்: "உவையின்ரை சாமி தந்தி அடிக்கிற கந்தோரே நடத்துறார்?"

"நீங்கள் சும்மா இருங்கோ. எங்கடை சாமி நல்லூரான் வாயே திறக்கிறாரில்லை. உவராவது கதைக்கிறார்."

அந்த முகத்துக்கு முன்னால் அழிவையும் புலம்பலையும் வாசிக்க அக்காவால் முடியவில்லை. தாள்களைப் புரட்டினார். சிறைப்பட்டவர்கள் திரும்பும் இடம், தொலைந்த மகன் வீடு வரும் இடம், இப்படி இனிப்பாகப் பொறுக்கினார். மாமி வேலியைப் பிடித்துக்கொண்டு, "வருவான், வருவான்" என்பார். நாங்கள் சபையில் அக்காவை மெச்சினோம். அவர் தலை குனிந்ததைத் தாழ்மை என்று எண்ணினோம்.

யுத்தம் முடிந்து அத்தான் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். ஜப்பான்காரர் கட்டாய வேலை வாங்கிய சயாம் காட்டு ரயில் பாதையில் இராசு இறந்த செய்தியையும் அவரே கொண்டுவந்தார். வாசித்த வாக்கு வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும் பலித்துவிட்டது. அத்தானைப் பார்த்துச் சிரிக்கவும் அக்கா கூசினார். விடியலில் குரல் எழவில்லை.

ஒரு காலை மாமி வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏன் பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை?"

"என்ன முகத்தோடை வாசிக்க, மாமி? ஒழுங்கிலை வந்ததை விட்டிட்டு, உங்களுக்கெண்டு நல்லதாய்ப் பாத்துப் பொறுக்கினனான்."

மாமி படியில் குந்தினார். பிறகு, "உன்ரை புத்தகத்திலை பிள்ளையைச் சாகக் குடுத்தவை ஒருத்தரும் இல்லையே?"

"இருக்கினம் மாமி. நான்தான் புரட்டிவிட்டனான்."

"அப்ப அவையை வாசி. பொய்க்குக் குரல் இருந்தது, இதுக்கு இல்லையே?"

மகனை இழந்த அரசன் மேல்வீட்டுக்கு ஏறி, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழும் அதிகாரத்தை அக்கா எடுத்தார். மாமி பக்கத்தில் இருக்க முடிவுவரை வாசித்தார். வேதம் தன்னையும் உண்மையாகத் தேற்றியது அன்றுதான் என்று பின்னர் சொன்னார். அதன்பின் ஒரு தாளையும் தாண்டவில்லை.

அவர் படுக்கையில் விழுந்தபின் அத்தான் வாசித்தார். கடைசிக் காலை வரிசையில் வந்தது வெறும் வம்ச வரலாறு. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று பெயர்கள், மேலும் பெயர்கள். "அத்தான், ஆறுதலாய்ச் சங்கீதப் புத்தகத்திலை ஒரு பாட்டு எடுங்கோவன்" என்றேன். அக்கா கண்ணாலேயே என்னை மறித்தார். இத்தனை கேட்டும் நான் அதே தாளைத்தான் புரட்டப் பார்த்தேன்.

பெயர்கள் முடிந்தன. கட்டிலருகே இருந்த மாமியின் கையைத் தடவி அக்கா சொன்னார்: "இராசுவின்ரை பேரையும் சொல்லுங்கோ, மாமி."

மாமி சொன்னார்.

மருந்து தந்த பரிகாரியாருக்கும், இரவு பகல் துணையிருந்தோருக்கும், பெட்டி சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இனிய வசனம் ஒன்றை முகப்பில் போடச் சொன்ன அன்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே அந்தக் கடைசிக் காலை வாசித்த பெயர்களே இருக்கின்றன. மாமிக்கு நன்றி சொல்ல எங்களுக்கு முகமில்லை. கடைசிப் பெயராக இராசுவை அச்சிட்டிருக்கிறோம்.