இரண்டு பட்டியலிலும் இருந்த கல்தூண்

மருத்துவமனையில் படி இறங்கிப் போனால் தரைக்குக் கீழே சலவைக்கூடம். அங்கே விரிப்பு மடிக்கிறவரை எல்லோரும் ‘பீரோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தவர்கள் ஏனென்று கேட்டதில்லை. அவர் வாசலில் நின்றால் உள்ளே விளக்கைப் போட வேண்டியிருக்கும். பேச்சு மட்டும் கிடையாது. ‘ம்’ என்பார், ‘சரி’ என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும்.

பேசத்தான் மற்ற இருவர் இருந்தார்களே! இஸ்திரி அக்கா ஒருத்தி, வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி கொண்டுவரும் வேன் டிரைவர் ஒருவன். இருவருக்கும் குத்துச்சண்டை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அதுவும் இந்த மாதம், கேட்கவே வேண்டாம். கனரகப் பிரிவின் இரண்டு சாம்பியன்களும் முதல்முறையாக நேருக்கு நேர் மோதப் போகிறார்கள். அக்கா ‘சுத்தியல்’ கட்சி. டிரைவர் ‘இளவரசர்’ கட்சி.

“எங்காளு சண்டைன்னா நாப்பது நிமிஷத்துல டிக்கெட் காலி, அக்கா. உங்காளு சண்டையில வெறும் நாற்காலிதான் கைதட்டுது.”

“கூட்டம் வந்தா பெரிய ஆளா? குரங்கு வித்தை காட்டினாலும்தான் கூட்டம் வரும். உங்க இளவரசர் யாரை அடிச்சாரு, அதைச் சொல்லு. பாதிப் பேரு பஸ்ஸுக்கு நின்னவங்க, பிடிச்சு மேடையில ஏத்திட்டாங்க!”

சொன்னதோடு விடவில்லை அக்கா. கிழிந்த விரிப்பு ஒன்றை எடுத்து, துணிக்குக் குறி போடும் மையால் இரண்டு சாம்பியன்களும் ஜெயித்த ஆட்களை வரிசையாக எழுதி, இஸ்திரி மிஷினுக்கு மேலே தொங்கவிட்டாள். சுத்தியலின் பட்டியலில் பதினோராவது பெயர் ‘கல்தூண்’. இளவரசரின் பட்டியலில் பதினான்காவது பெயரும் அதே ‘கல்தூண்’. இரண்டிலும் இருந்தது அந்த ஒரே ஆள்தான். சண்டை அங்கேதான் முற்றியது.

“பாருங்கக்கா, உங்காளு பத்து ரவுண்டு தட்டித் தட்டிப் பார்த்தும் தூண் சாயல. கடைசியில பாயிண்ட்ல ஜெயிச்சாரு. எங்காளு ரெண்டாவது ரவுண்டுலயே சாய்ச்சுட்டாரு.”

“அடப்போடா! எங்காளு அடிச்ச அடியில உள்ளே உளுத்துப்போன தூணு அது. ஒரு வருஷம் கழிச்சு உங்காளு வந்து ஊதினாரு, விழுந்துச்சு. இதுல பெருமை வேற.”

பீரோ விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். உதறுவதற்கு முன் இடது தோளை இரண்டு தடவை குலுக்கிக்கொள்வது அவர் வழக்கம். ஆறு வருஷமாக எதிர்முனையைப் பிடிக்கிற அக்கா அதைக் கேலி செய்து செய்து அலுத்துப்போயிருந்தாள். அன்றும் குலுக்கினார், உதறினார், மடித்தார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்தக் கல்தூண் அவர்தான். பதினான்கு வருஷத்துக்கு முன்பு மொட்டைத்தலையும் மழித்த முகமுமாக இருந்தவர், இப்போது தாடியும் நரையும் தொந்தியுமாக இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவரும் வாயைத் திறக்கவில்லை. கோபமில்லை அவருக்கு. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான். நாம் நல்ல ஆட்டக்காரனா, இல்லை பஸ்ஸுக்கு நின்றவனா? இவர்கள் இவ்வளவு ஆராய்கிறார்களே, ஒரு நாள் சொல்லிவிடமாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

உண்மையில் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். இளவரசரோடு நடந்த அந்தக் கடைசிச் சண்டையில் கீழே கிடந்தது நினைவிருக்கிறது. கன்னத்தில் பட்ட மேடைத் துணியின் சொரசொரப்பு, நடுவர் ‘நாலு... ஐந்து’ என்று எண்ணியது. அப்போது மனசுக்குள் ‘போதும்டா சாமி’ என்று ஒரு குரல். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கண் விழித்தபோது உடை மாற்றும் அறை. பயிற்சியாளர் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை. அந்த மௌனத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, அவர் முகத்தில் பிறகு விழிக்கவே இல்லை இவர். எழுந்திருக்க முடிந்தும் படுத்துக்கிடந்தவன் நான் என்று முடிவு கட்டிவிட்டார். மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள், “எழுந்திருக்க முடியலையா?” என்று. “முடியல” என்றார். பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம். சாப்பாட்டு டப்பாவை மூடின கையோடு அக்கா போனை சோப்பு டின்னில் சாய்த்து வைத்தாள். “உங்காளு தூணோட போட்ட முழுச் சண்டையும் கிடைச்சிருக்கு. என் கொழுந்தன் அனுப்பினான். தூணு முதல்லேருந்தே தள்ளாடுதா இல்லையான்னு நீயே பாரு.”

பீரோவும் பின்னால் வந்து நின்றார். முதல் ரவுண்டு முடிந்தது. இரண்டாவதில் இளவரசரின் வலது கை வந்தது, தூண் சாய்ந்தது.

“அவ்வளவுதான்!” என்று டிரைவர் கைதட்டி, படத்தை நிறுத்தக் கை நீட்டினான்.

“நானும் அதைத்தான் சொல்றேன், அடி விழறதுக்கு முன்னாடியே கால் போயிடுச்சு” என்றாள் அக்கா. இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது.

“நிறுத்தாதீங்க” என்றார் பீரோ. “ஓடட்டும்.”

ஆறு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசினதே அதுதான். டிரைவர் கையை இழுத்துக்கொண்டான்.

நாலு. ஐந்து. ஆள் அசையவில்லை. ஆறு. ஏழில் ஒரு முழங்கால் மடங்கியது. எட்டில் ஒரு கை கயிற்றைப் பிடித்தது. ஒன்பதில் ஆள் எழுந்து நின்றுவிட்டார்! நின்று, இடது தோளை இரண்டு தடவை குலுக்கி, கையை உயர்த்தி, விறுவிறுவென்று போய் மூலைக் கம்பத்தின் முன்னால் சண்டைக்கு நின்றார். நடுவர் ஓடிவந்து கட்டிப்பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார்.

“ஐயோ, கம்பத்தோட சண்டைக்குப் போறாரு பாருங்க!” டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. போனைப் பார்த்தாள், திரும்பி பீரோவைப் பார்த்தாள். “அண்ணே, அந்தத் தோளு...” என்று இழுத்தாள். “அது நீங்கதானே?”

பீரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் திறந்த வாயை மூடவில்லை. மூடியதும் அவன் பேச்சே வேறாகிவிட்டது. “அக்கா, எங்க இளவரசர் எப்பேர்ப்பட்ட ஆளை அடிச்சிருக்காரு பாருங்க! யாரால எழுந்திருக்க முடியும்?”

“யானை படுத்தாலும் குதிரை மட்டம்டா. எங்காளோட பத்து ரவுண்டு நின்ன மனுஷன்னா சும்மாவா?” என்றாள் அக்கா. இத்தனை நாளும் உளுத்துப்போன தூண் என்றவள்! பிறகு இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்: “யாரு அடி பெரிசு, அண்ணே?”

பீரோ யோசித்தார். “சுத்தியல் அடிச்ச ஒவ்வொரு அடியும் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. இளவரசர் அடிச்சது ஒண்ணுகூட ஞாபகமில்ல.”

“கேட்டியா!” என்றாள் அக்கா. “கேட்டீங்களா!” என்றான் டிரைவர். இருவரும் தங்கள் ஆளே ஜெயித்ததாக எடுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.

பீரோ அவர்களை விட்டுவிட்டுப் படியேறி, வெளிக்கதவருகே நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

“என்னங்க, வேலை நேரத்துல?” மனைவியின் குரலில் பதற்றம். “உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல. அன்னைக்கு நீ கேட்டியே, எழுந்திருக்க முடியலையான்னு. முடியலன்னு சொன்னேன்.”

“ஆமா.”

“எழுந்திருக்கேன். இப்பதான் பார்த்தேன். ஒன்பதுல எழுந்துட்டேன்.”

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பதினாலு வருஷமா கேட்கணும் கேட்கணும்னு வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன்” என்றாள். “இப்பவே சொல்லுங்க. முதல் ரவுண்டுலேருந்து சொல்லுங்க.”