பேப்பர் பிடிக்கிற வேலை

அந்த விளையாட்டில் எங்கள் இருவருக்கும் வேலை பிரிந்திருந்தது. வீட்டுக்காரர் மிஷினைப் பிடிப்பார். நான் பேப்பரைப் பிடிப்பேன்.

ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். எனக்கு வாயில் நுழையாது. எங்கள் வீட்டில் டப்பா தேடுவது என்றுதான் சொல்வோம். முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்துக்கு உரிய எண்களை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். அந்த எண்களைக் கையடக்கமான ஒரு மிஷினில் ஏற்றிக்கொண்டால் அம்புக்குறி வழி காட்டும். பக்கத்தில் போன பிறகு அம்பு இங்கேயும் அங்கேயுமாகத் தடுமாறும். அதற்கப்புறம் நம் கண்ணும் கையும்தான். டப்பா கிடைத்தால் உள்ளே ஒரு காகிதச் சுருள் இருக்கும். அதில் பேரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. எனக்குப் பொதுவாகவே வாதாட வராது.

வீட்டுக்காரர் மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். சர்க்கரை கூடிப்போய், தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். "போற எடம் ஒண்ணும் இல்லாம எப்படி நடக்கறது? நானென்ன செக்கு மாடா?" என்று இவர் மல்லுக்கு நின்றார். துடியலூரில் எங்களோடு இருக்கிற மகள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். போகிற இடம் வேண்டும் என்கிறவருக்கு இதுதான் சரி என்று அவள்தான் அந்த மிஷினை வாங்கிக் கொடுத்தாள்.

மிஷினில் எண்ணும் அம்பும் மட்டும்தான் வரும். அந்த டப்பாவைப் பற்றி எழுதியிருக்கிற விவரம், துப்பு, ஏற்கெனவே தேடிப் போனவர்கள் சொன்னது எல்லாம் தனி. மகள் அவற்றைத் தமிழில் மாற்றி, பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டுத் தருவாள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தமிழ் எழுத்துக் கூட்டி நன்றாகவே வாசிப்பேன். இவருக்கு ஒரு கையில் மிஷின், இன்னொரு கையில் தடி. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடச் சலித்துக்கொள்வார். அதனால் பேப்பரும் பையும் என் பங்குக்கு வந்தன.

"படி அம்மணி" என்பார்.

நடுரோட்டில் நின்று சத்தமாக வாசிக்க முதலில் கூச்சமாக இருந்தது. கல்யாண வீட்டில் கூடப் பந்தியில் ஓரத்து இலை பார்த்து உட்காருகிறவள் நான். போகப் போக, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டால் யாரும் நம்மைப் பார்க்கிற மாதிரியே இருப்பதில்லை என்று கண்டுகொண்டேன்.

இப்படி அவிநாசி, அன்னூர், மருதமலை அடிவாரம் என்று ஊர் ஊராகப் போனோம். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் நாங்கள் சேர்ந்து போன இடங்கள் என்றால் கோயிலும் ஆஸ்பத்திரியும் சொந்தக்காரர் விசேசமும்தான். வேலை ஒன்றும் இல்லாமல், யாரும் அழைக்காமல் ஒரு ஊருக்குப் போய், வேலியோரம் குனிந்து நின்று சிரித்தது இப்போதுதான்.

உடுமலைப்பேட்டைக்குப் போனது ஆடி மாசம். அந்தப் பக்கத்துக் காற்று எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். தென்னந்தோப்புக்குள் நின்று துப்பை வாசிக்கலாம் என்று பையில் இருந்து எடுத்தேன். அவ்வளவுதான். மொத்தக் காகிதமும் என் கையை விட்டுக் கிளம்பி, தோப்பு முழுக்கப் பறந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஒரு பக்கம் ஓட, தடியை ஊன்றிக்கொண்டு இவர் ஒரு பக்கம் ஓட, தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஒரு ஆள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏனுங்கம்மா, கோர்ட்டுப் பேப்பருங்களா?"

இவர்தான் மூச்சு வாங்க, "அதவிட முக்கியமுங்க" என்றார். அந்த ஆள் பயபக்தியோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, என் கையில் கொடுத்தார். துப்பு இருந்த தாள் மட்டும் வாய்க்காலில் விழுந்து போய்விட்டது.

வீட்டுக்கு வந்து இந்தக் கதையைச் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஏங்கப்பா, எல்லாத்தையும் மிஷினுக்குள்ளயே ஏத்திப்போடலாமுங்கப்பா. விவரம், துப்பு, எல்லாமே. இனிப் பேப்பரே வேண்டாம்" என்றாள். அன்றைக்கே கம்ப்யூட்டரோடு ஒரு ஒயரில் மாட்டி ஏற்றியும் கொடுத்தாள். இவர் பித்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். இங்கிலீஷில் வரிசையாக எழுத்து வந்தது. கம்பெனியில் மோட்டார் புத்தகம் எல்லாம் இங்கிலீஷில் பார்த்துப் பழகினவர். இவருக்கு அது போதும்.

"பாத்தயா அம்மணி, உனக்குச் சொமை கொறைஞ்சுது" என்றார் என்னிடம், சந்தோசமாக.

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் என்னவோ சரியாக இல்லை.

அடுத்த டப்பா பக்கத்திலேயே இருந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் நாலு ஸ்டாப் தள்ளி. சாயங்காலம் இவர் சட்டையைப் போட்டார், தடியை எடுத்தார், "ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றேன்" என்று கிளம்பிவிட்டார். நான் தலை சீவி, சேலை மாற்றி, சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கவனிக்கவில்லை. கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மாற்றின சேலையோடேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

பேப்பர் இருந்தவரைக்கும் நானும் வருகிறேன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டியே வரவில்லை. எனக்காகப் பேப்பர் கேட்டுக்கொண்டிருந்தது. இனி நான் வாய் திறந்து கேட்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருந்துகொள்ள வேண்டும். வாய் திறப்பது என்பது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இருட்டுகிற நேரத்தில் இவர் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"சாப்பாடு வேண்டாம்."

"ஏனுங்க, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு டம்ளர் சூப்புக் குடிச்சுப்போட்டேன்."

"டப்பா?"

"டப்பாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

மகள் வந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் கதை வெளியில் வந்தது. இந்த டப்பாவை ஒளித்தவர் நம்மூர்க்காரர் போலிருக்கிறது, துப்பைத் தமிழிலேயே எழுதியிருந்தார். மிஷினில் தமிழ் எழுத்து வராது. கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் மகள் அந்தத் தமிழை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஏற்றியிருந்தாள். இவர் அதை வாசித்திருக்கிறார்: பழைய ஆட்டுக்கால் அடியில். தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிரிலேயே ஒரு தள்ளுவண்டி. ஆட்டுக்கால் சூப்பு என்று பெரிய போர்டு.

"அம்பு சுத்துது, போர்டு நிக்குது. இதவிட என்ன வேணும்? வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். கடைக்காரன், என்னங்கய்யா தேடறீங்கன்னான். கண்ணாடிக் கூடு உளுந்துருச்சுன்னேன். பாவம், அவனும் குனிஞ்சு தேடுனான்."

"அப்புறமுங்கப்பா?" என்றாள் மகள். சிரிப்பை அடக்கி அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்புறமென்ன. சும்மா வர முடியுமா? ஒரு சூப்புக் குடிச்சேன். மறுக்காப் போய்ச் சக்கரத்துக்குப் பொறத்தால தடவிப் பாத்தேன். அதுக்கு ஒரு சூப்பு."

நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "ஏனுங்க, காலுக்கு அடியில எப்படிங்க ஒளிச்சு வெப்பாங்க? அது கொதிக்கற அண்டாவுலயல்ல கெடக்கும்?"

"அதத்தான் நானும் ரோசிச்சேன். பழசு வேற. பழைய காலை எவன் விப்பான்?"

"இன்னொருக்கா படிங்க."

மிஷினைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். கடைசியில் "கே, ஏ, எல். கால்" என்றார்.

"கல்லுன்னா எப்படிங்க எழுதுவாங்க?"

"கல்லுன்னா... கே, ஏ..." எல் என்று முடிக்கும் முன்னே மிஷினைத் திரும்பப் பார்த்தார்.

மகள் துள்ளி எழுந்தாள். "ஐயோ, ஆட்டுக்கல்லு! ஆட்டுக்கல்லுங்கப்பா! நான்தான் அப்படி அடிச்சேன்!"

மாவாட்டுகிற கல். எங்கள் பக்கம் ஆட்டாங்கல் என்போம். அதை வைத்துக்கொண்டு இவர் சூப்பு வண்டியைச் சுற்றி வந்திருக்கிறார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பருப்புக் குழைந்து போயிற்று.

சிரித்து முடித்து இவர் சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் போய் எடுத்துப்போட்டு வந்தர்றேன்."

அப்போதும் அவர் தன்னை மட்டும்தான் சொன்னார். நானும் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் முழுக்க நான் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாத்திரம் கழுவும்போது ஒரு மாதிரி, துணி காயப்போடும்போது ஒரு மாதிரி. உங்களுக்குச் சர்க்கரை இருக்குதுங்க, தனியாப் போகக்கூடாதுங்க என்று சொல்லலாமா? எனக்கும் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லலாமா? அது பொய். டாக்டர் என்னிடம் ஒன்றுமே சொன்னதில்லை.

சாயங்காலம் இவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசற்படி வரைக்கும் வந்துவிட்டேன். தயார் செய்து வைத்திருந்த பேச்சு எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நானும் வாரனுங்க."

நிமிர்ந்து பார்த்தார். "நீ எதுக்கு அம்மணி? பேப்பர்தான் இல்லையே?"

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். "பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டுக் காசு கெடயாதுங்க."

"அது செரி. ஓசியில வரலாம்னுதான் வாரியா?"

"இல்லீங்க." படியிறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். "எனக்கு வரோணும்னு இருக்குது."

இன்னொரு காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "இத மொதல்லயே சொல்லோணுமல்ல?" என்றார். "நான் பேப்பருக்காவ உன்னைய வெயில்ல இழுத்துட்டுத் திரியறேனேன்னு இருந்தேன். உட்டாப் போதும்னு நீ இருக்கறயாக்கும்னு நெனச்சேன்."

"நான் அப்படிச் சொன்னனுங்களா?"

"நீ எதச் சொல்லியிருக்கற?"

அது உண்மைதான்.

பஸ்ஸில் போகும்போது கையில் ஒன்றும் இல்லாமல் என்னவோ போல் இருந்தது. மடியில் எதை வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கினால், வண்டிக்காரர் தூரத்திலேயே இவரைப் பார்த்துவிட்டார். "வாங்கய்யா! கண்ணாடிக் கூடு கெடைச்சுதுங்களா?" இவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார். அம்பு எந்தப் பக்கம் காட்டியது என்று நான் பார்க்கவில்லை. சாலையோர வேப்பமரத்தடியில் இரண்டு செங்கல் மேல் கவிழ்த்துப் போட்ட ஆட்டுக்கல் ஒன்று அதற்கு முன்பே என் கண்ணில் பட்டுவிட்டது. ஏதோ வீட்டை இடித்தபோது வெளியில் போட்டிருப்பார்கள். ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது.

டப்பா தேடுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. மற்றவர்கள் பார்க்கும்படி எடுக்கக் கூடாது. ஆண்கள் நின்றால் யாராவது கேட்பார்கள். வயசான பொம்பளை ஒருத்தி கல்லில் உட்கார்ந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? போய் உட்கார்ந்தேன். காலைத் தேய்த்துவிடுகிற மாதிரிக் குனிந்து, செங்கல் இடுக்கு வழியாகக் கையை உள்ளே விட்டேன். எத்தனையோ வருசம் மேலே இருந்து மாவு தள்ளின குழி. இப்போது கீழே இருந்து தடவுகிறேன். குழியின் உச்சியில் டேப் போட்டு ஒட்டின சின்ன டப்பா விரலில் தட்டுப்பட்டது.

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரர் ஒரு டம்ளரோடு என் முன்னால் வந்து நின்றார். "அம்மா, கால் வலிங்களா? இதக் குடிச்சுப் பாருங்க. காலுக்குக் காலே மருந்து."

ஒரு கை கல்லுக்கு அடியில். இன்னொரு கையால் டம்ளரை வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் இவர் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மிளகுக் காரம் தூக்கலாக, சூப்பு நன்றாகத்தான் இருந்தது.

வண்டிக்காரர் நகர்ந்ததும் டப்பாவை எடுத்து மடியில் வைத்துத் திறந்தோம். சுருளை விரித்து இவர் பேனாவை என்னிடம் கொடுத்தார். எங்கள் இரண்டு பேர் பேரையும் நான் எழுதினேன். டப்பாவை இருந்த இடத்திலேயே ஒட்டி வைத்தோம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்தது, இவர் கம்பியைப் பிடித்து நின்றார். மிஷினை என் மடியில் போட்டார். அதிலிருந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பஸ் திரும்பும்போதெல்லாம் அம்பும் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"சத்தியமங்கலத்துல ஆத்தோரமா ஒண்ணு இருக்குதாம்" என்றார் மேலே இருந்து.

"எப்பங்க போறோம்?"

அவர் காதில் அது சாதாரணமாகத்தான் விழுந்திருக்க வேண்டும். "ஞாயித்துக்கெழமை" என்றார். "வெள்ளனக் கெளம்பீர்லாம்."